பதினைந்து பேர் சேர்ந்து ஒரு ஏஐ செய்யலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஆர்க்கிடெக்ட்களும் ஓவியர்களுமாக நாங்கள் பதினைந்து பேர். எங்கள் வேலைகளை மட்டும் கொடுத்து, யாருடைய படத்தையும் திருடாமல், எங்களுக்கென்று ஒரு ஏஐ செய்துகொள்ள முடியுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முடியும். ஆனால் "எங்கள் வேலைகளை மட்டும்" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பதினைந்து பேரின் படங்களைக் கூட்டினால் சில ஆயிரம் தேறும், படம் வரையும் மாடல் (படங்களைப் பார்த்துக் கற்கும் நிரல்) ஒன்றை அடியிலிருந்து பழக்க அது போதவே போதாது. 2022ல் வந்த, சொன்னதைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ, லயான்-5பி தொகுப்பிலிருந்து எடுத்த படங்களில் கற்றது. அந்தத் தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படங்களின் இணைப்புகள் இருந்தன, வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் இப்படி ஏற்கெனவே பழகிய ஒரு மாடலின் மேல், லோரா என்ற முறையில், உங்கள் படங்களைச் சின்ன அடுக்காக ஏற்றுவதுதான். மேல் அடுக்கு உங்களுடையது, அடியில் கிடப்பது ஊரார் உழைப்பு. மற்றவர் பயன்படுத்திக்கொள்ள உரியவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த படங்களை மட்டும் வைத்துப் பழக்கிய காமன்கேன்வாஸ் போன்ற மாடல்களும் இருக்கின்றன. தரம் முன்னே பின்னே இருந்தாலும் அங்கிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒப்பந்தம் எழுதுங்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் நடத்தும் தே ஹிகு மீடியா என்று ஒரு வானொலி. 2018ல் தங்கள் மொழியில் வாசித்துப் பதிவு செய்து தரும்படி மக்களைக் கேட்டார்கள், பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் குரல் சேர்ந்துவிட்டது. அதை வைத்து, மாவோரிப் பேச்சை எழுத்தாக்கும் கருவி செய்தார்கள். குரல்களை வெளியாருக்கு விற்கவில்லை. யார், எதற்காக எடுத்துக்கொள்ளலாம் என்று தாங்களே ஓர் உரிமம் எழுதிக்கொண்டார்கள். அத்தனை பேர் கூப்பிட்டதும் வந்து வாசித்தார்கள் என்றால், கேட்டது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்: யார் எதைக் கொடுக்கிறார், காசு வந்தால் எப்படிப் பங்கு, ஒருவர் விலகினால் என்ன செய்வது. கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போடவே கூடாது. மாடலுக்குள் போன படத்தைத் தனியாக உருவி எடுக்க இன்றைக்கு நம்பகமான வழி இல்லை, அவர் படங்களை நீக்கிவிட்டு முதலிலிருந்து பழக்க வேண்டும். பெரிய மாடலுக்கு அந்தச் செலவைத் தாங்க முடியாது. லோராவுக்குச் சில மணி நேரம் போதும். சின்னதாக இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பலம் இது, போகிறேன் என்பவரை மனக்கசப்பில்லாமல் அனுப்பிவைக்கலாம்.

கேள்வி: என் ஆபீசில் பத்து வருட பிளான்கள் இருக்கின்றன. அவற்றை ஏஐக்குக் கொடுக்க நான் யாரிடம் கேட்க வேண்டும்?
(வாசகி, மதுரை)

பதில்: இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையாக வரைந்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிதான் முதல் உரிமையாளர். ஆகவே யாரையும் கேட்க வேண்டாம் என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். எனக்கு அது போதாது. ஒரு வீட்டு பிளானில் வீட்டுக்காரர் எங்கே தூங்குகிறார், பீரோ எந்தச் சுவரோரம், பின்கதவு எந்தப் பக்கம் என்று எல்லாமே இருக்கிறது, உங்களை நம்பி அவர் சொன்னது அது. பெயர், முகவரி, சர்வே எண்ணை அழித்த பிறகும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து ஆட்டோகேட் மென்பொருளில் செக்‌ஷன் போட்டுக் கொடுத்த டிராஃப்ட்ஸ்மேன் இப்போது வேறு இடத்தில் இருந்தாலும் போன் போட்டுச் சொல்லுங்கள். கொடுத்தவர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கட்டும், வருகிற பணத்தில் பங்கும் போகட்டும்.

கேள்வி: இணையத்தில் போடும் என் ஓவியங்களை ஏஐ எடுக்காமல் தடுக்கலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: ஏற்கெனவே போனதை மீட்க முடியாது. இனிப் போடுவதற்கு, சிகாகோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் கிளேஸ், நைட்ஷேட் என்ற இரண்டு மென்பொருள்களையும் பயன்படுத்திப் பாருங்கள். கண்ணுக்கு அதிகம் தெரியாதபடி படத்தில் சின்ன மாற்றம் செய்து, கற்கும் மாடலைக் குழப்புபவை. உடைக்கவே முடியாத பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மர ஆசாரி ஒருவரிடம் மூன்று தலைமுறைக் கதவு, தூண் வேலைப்பாடுகளின் பேப்பர் மாதிரிகள் உள்ளன. போட்டோ எடுத்து ஏஐக்குக் கொடுத்தால் அந்தக் கலை காப்பாற்றப்படும்தானே?
(ஆர்க்கிடெக்சர் மாணவர், காரைக்குடி)

பதில்: தம்பி, போட்டோ எடுத்து அவரிடமே ஒரு பிரதி கொடுப்பது நல்ல காரியம். ஏஐக்குக் கொடுப்பது வேறு. நாளைக்கு அந்தக் கதவு வேண்டும் என்பவர் அவர் பட்டறைக்கு வராமல், படத்தை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின் கடைக்குப் போய்விடலாம். அவ்வளவு பழைய வடிவங்களுக்குப் பதிப்புரிமையும் அநேகமாகத் துணைக்கு வராது. அதனால் முதலில் லேப்டாப்போடு அவரிடம் போங்கள். வேறு ஏதாவது இருபது படங்களைக் கொடுத்து, இந்த மெஷின் என்ன செய்கிறது என்று அவர் கண்ணெதிரே காட்டுங்கள், அப்புறம் கேளுங்கள். கதவை எடுத்துக்கோ, தூண் வேண்டாம் என்று அவர் சொன்னால் தூணைத் தொடாதீர்கள்.