"இது பசங்க ஏரியா" என்கிறார்களே!

கேள்வி: நான் ஈ.சி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேப்டாப்பில் எலெக்ட்ரானிக் இசை அமைப்பதில் எனக்கு உயிர். கல்லூரி இசைக்குழுவுக்கு நான் செய்து கொடுத்த ட்ராக்குகள் குழுவின் பெயரில்தான் வெளிவருகின்றன. கேட்டால், "இது பசங்க ஏரியா, நீ பாட்டு மட்டும் பாடு" என்கிறார்கள். வீட்டிலோ, "ஒழுங்காகப் படிக்கிற வழியைப் பார்" என்கிறார்கள். இந்தத் துறையில் பெண்களே இருந்ததில்லையா? விட்டுவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: விடாதே, மகளே. இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களிலேயே பெண்கள் உண்டு.

லண்டன் பி.பி.சி.யில் 1958-ல் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் தொடங்கியது. நாடகங்களுக்கு வேண்டிய புதுப்புது ஒலிகளை மின்கருவிகளைக் கொண்டு உண்டாக்குவது அதன் வேலை. நிர்வாகத்தை விடாமல் நச்சரித்து, டெஸ்மண்ட் பிரிஸ்கோவுடன் சேர்ந்து அதைக் கொண்டுவந்தவர் டாஃப்னி ஓரம். மறு வருடமே வேலையை உதறிவிட்டு, கென்ட்டில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தார். 35 மி.மீ. ஃபிலிமில் கோடு வரைந்தால் அதை ஒளியால் படித்து இசையாக்கும் இயந்திரம் ஒன்றை அங்கே உருவாக்கினார். சர்க்யூட் படிக்கிறவள் நீ, அதன் படத்தைத் தேடிப் பார். மலைத்துப்போவாய்.

அவர் போன பிறகு, 1962-ல் அங்கே வந்தவர் டெலியா டெர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். அதற்கு முன் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உன் குழுவினர் இன்றைக்குப் பேசும் பேச்சு 1959-லேயே பேசப்பட்டதுதான்!

1963-ல் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பு இசை வேண்டியிருந்தது. மெட்டு ரான் கிரெய்னருடையது. அதை ஒலியாக்கும் பொறுப்பு டெலியாவுக்கு. மின்சாரத்தால் இசை ஒலிகளை உண்டாக்கும் சிந்தசைசர் கருவி அவரிடம் கிடையாது. ஒற்றைத் தந்தியை மீட்டிப் பதிவுசெய்து, டேப்பின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்தார். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை நொடி ஸ்வரம் என்றால் ஏழரை அங்குலத் துண்டு. அப்படி அளந்து, பிளேடால் வெட்டி, ஒட்டி, பல டேப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒன்றாகச் சேர்த்தார். டிக் மில்ஸ் உதவிக்கு இருந்தார். முழுதாகக் கேட்ட கிரெய்னர், "இதையா நான் எழுதினேன்?" என்று திகைத்தாராம்.

வருமானத்தில் பாதியை டெலியாவுக்குத் தர கிரெய்னர் விரும்பினார். பி.பி.சி. விதி இடம் கொடுக்கவில்லை. திரையில் அவர் பெயரும் இல்லை, ஒர்க்‌ஷாப்பின் பெயர்தான். 2001-ல் டெலியா இறந்துவிட்டார். அந்தத் தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல், 50-ஆம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

அவர் செய்த ஒன்றை நீயும் செய்து பார். உலோக விளக்கு மூடி ஒன்றைத் தட்டிப் பதிவுசெய்து, தட்டிய சத்தத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு, மிச்சமிருந்த ரீங்காரத்திலிருந்து பாலைவன மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு இசை செய்தார். உனக்கு வீட்டு எவர்சில்வர் குண்டானும் மொபைலும் போதும். ஒலியை வெட்டி ஒட்ட உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

நம் நாட்டிலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-லேயே 'மூக்' (Moog) என்ற சிந்தசைசர் வந்திறங்கியது. அங்கே இசை செய்தவர்களில் கீதா சாராபாய் ஒருவர்.

வீட்டில் சண்டை வேண்டாம். சிந்தசைசருக்கு வேண்டிய ஆசிலேட்டரும் ஃபில்டரும் உன் பாடத்திலேயே இருக்கின்றன. மினி ப்ராஜெக்டாக ஒரு சின்ன சிந்தசைசரைச் செய்து அப்பா, அம்மா முன்னால் வாசித்துக் காட்டு. அரியர் மட்டும் வைக்காதே.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது, 'குழுவின் பெயரில்தான்' என்று நீ போகிறபோக்கில் எழுதியிருப்பது. அடுத்த ட்ராக்கைக் கொடுக்கும் முன், 'இசை' என்று போட்டு உன் பெயர் வருமா என்று கேள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள். பழைய ட்ராக்குகளின் ப்ராஜெக்ட் ஃபைல்களைத் தேதியோடு பத்திரப்படுத்து. மறுத்தார்கள் என்றால் ட்ராக்கைக் கொடுக்காதே. யூடியூபில் உன் பெயரிலேயே ஏற்று, எனக்கும் லிங்க் அனுப்பு.