விண்கலத்துக்கு லேசர் இணையம்: மகளின் விருப்பம் குறித்து ஒரு தாய்க்கு எழுதியது

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும் உங்கள் மகள், விண்வெளி வீரர்களுக்கு லேசர் வழியாக இணையம் தரும் துறையில்தான் வேலை செய்வேன் என்று உறுதியாக நிற்பதாகவும், அந்தப் பெயரில் எந்தக் கல்லூரியிலும் படிப்பு இல்லையே, இதை நம்பி நான்கு ஆண்டுகளையும் சேமிப்பையும் செலவிடலாமா என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கலக்கம் நியாயமானதே. ஆனால் உங்கள் மகள் கேட்பது கற்பனைத் துறை அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2013 அக்டோபரில், நிலவைச் சுற்றிவந்த லாடீ என்னும் ஆளில்லா விண்கலத்திலிருந்து லேசர் ஒளியில் நொடிக்கு 622 மெகாபிட் வேகத்தில் தரவுகளைப் பூமிக்கு இறக்கி, நாசா இந்த வழியை மெய்ப்பித்தது. 2021 டிசம்பரில் எல்.சி.ஆர்.டி. என்ற லேசர் அஞ்சல் கருவி, அதாவது ஓரிடத்திலிருந்து வரும் லேசர் தகவலை வாங்கி இன்னோர் இடத்துக்குக் கடத்தும் கருவி, விண்ணில் நிறுத்தப்பட்டது. 2023 நவம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட இல்லுமா-டி என்ற கருவி, வீரர்கள் வாழும் அந்த நிலையத்தை அதே அஞ்சல் கருவி வழியாக நொடிக்கு 1.2 ஜிகாபிட் வேகத்தில் தரையோடு இணைத்தது. மனிதர்களை நிலவைச் சுற்றி அழைத்துச் செல்லும் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்கென, நாசாவின் காடர்டு மையமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய ஓ2ஓ என்ற லேசர் அமைப்பு, வீரர்கள் செல்லும் ஓரியன் விண்கலத்திலிருந்து நொடிக்கு 260 மெகாபிட் வரை அனுப்பக்கூடியது. உயர்தரக் காணொளியை நிலவின் அருகிலிருந்தே அனுப்ப இந்த வேகம் போதும்.

இதன் அடிப்படை உங்கள் மகளின் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது. அலை ஒளியியல் அலகில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பார். ஓர் அலை எவ்வளவு விரியும் என்பது, அதன் அலைநீளத்தை அது புறப்படும் திறப்பின் அகலத்தால் வகுத்தால் தெரியும். ஓ2ஓ அமைப்பின் தொலைநோக்கி ஏறத்தாழ 10 செ.மீ. அகலம் கொண்டது, அது பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 1550 நானோமீட்டர் அளவினது. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், நிலவிலிருந்து 3,84,000 கி.மீ. கடந்து பூமிக்கு வரும்போது அந்தக் கற்றை சுமார் 6 கி.மீ. மட்டுமே விரிந்திருக்கும். அதே அகலமுள்ள ஆன்டெனாவிலிருந்து 26 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பினாலோ, அது பூமியின் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகப் பரந்து, பெரும்பகுதி ஆற்றல் வீணாகிவிடும். லேசரின் வலிமை இந்தக் குறுகலில்தான் இருக்கிறது. தொல்லையும் அதே குறுகலில்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வட்டத்தின் மீது, வட்டமும் நகர, நாமும் அதிர்ந்துகொண்டிருக்க, ஒளியை விலகாமல் வைத்திருப்பதற்கு ஒப்பான வேலை அது. மனிதர்கள் நடமாடும் கலத்தில் அதிர்வுக்குக் குறைவிருக்காது. எனவே கலத்துக்கு வெளியே இரு அச்சுகளில் திரும்பும் தாங்கியும், நுண்ணிய பிழைகளை நொடிக்குப் பலமுறை திருத்தும் சிறு கண்ணாடிகளும், அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளும் தேவைப்படுகின்றன.

மேகம் இன்னொரு தடை. அகச்சிவப்பு லேசர் அடர்ந்த மேகத்தைக் கடக்காது என்பதால், ஓ2ஓவுக்கான தரை நிலையங்களை நியூ மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவின் டேபிள் மவுண்டனிலும், வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் வறண்ட இடங்களில் அமைத்தார்கள். இணைப்பு அறுந்து அறுந்து வரும் சூழலில் வழக்கமான இணைய நெறிமுறைகள் திணறும். ஆகவே தகவலை வழியிலேயே சேமித்து வைத்து, பாதை திறந்தவுடன் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும், தாமதத்தைத் தாங்கும் வலையமைப்பு என்ற முறையைக் கையாளுகிறார்கள்.

இவ்வளவையும் விரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையில் ஒரே தொழில் இல்லை; ஒளியியல், மின்னணுவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல், வலையமைப்பு மென்பொருள் ஆகிய நான்கும் கூடும் இடம் இது. உங்கள் மகள் நான்கையும் கற்க வேண்டியதில்லை. ஒன்றில் ஆழமும் மற்றவற்றில் அறிமுகமும் இருந்தால் போதும். அவருக்கு எது பிடிக்கிறது என்பதை இப்போதே முடிவு செய்யவும் தேவையில்லை.

பொறியியல் கவுன்சலிங்கில், மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியலை, அதாவது இ.சி.இ. பிரிவை, முதல் விருப்பமாக வைக்கச் சொல்வேன். 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃபில் எந்த இடத்தில் நிற்கிறாரோ, அந்த அளவில் ஆய்வகமும் நிலையான ஆசிரியர்களும் உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். ‘விண்வெளி’ என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியில் சேர்ந்த மாணவர் ஒருவர், இரண்டாம் ஆண்டில் அங்கே லேசர் ஆய்வகமே இல்லை என்று என்னிடம் வந்து வருந்தினார். அந்த வருத்தத்தை உங்கள் வீட்டில் பார்க்க விரும்பவில்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதியிருந்தால், திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியியல் இயற்பியல் இரட்டைப் பட்டப் படிப்பைக் கட்டாயம் பாருங்கள். அதில் ஒளியியல் பொறியியலை முதுநிலைப் பிரிவாக எடுக்க வழி உண்டு. பொறியியலைவிட இயற்பியலில் மனம் ஒன்றுமானால், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் போட்டானிக்ஸ், அதாவது ஒளிசார் தொழில்நுட்பம் பற்றிய, ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. இ.சி.இ. முடித்தபின் கேட் தேர்வு எழுதி, ஐ.ஐ.டி.களில் ஒளியியல் தகவல் தொடர்பில் முதுநிலை படிப்பதும் நல்ல பாதைதான்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். நாசாவின் நேரடிப் பணியிடங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியவை; லிங்கன் ஆய்வகம் போன்ற இடங்களிலும் கட்டுப்பாடு கடுமையானது. இதை மகளிடம் மறைக்காதீர்கள்; பின்னால் தெரிந்து மனம் உடைவதைவிட இப்போது தெரிவது நல்லது. ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், செயற்கைக்கோள் லேசர் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களும் ஆய்வு மையங்களும் உள்ளன. நம் நாட்டில், இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021இல் 300 மீட்டர் திறந்தவெளியில் ஒளிவழிக் குவாண்டம் தகவல் தொடர்பைச் செய்துகாட்டியது. பெங்களூரில் இஸ்ரோவின் மின்-ஒளியியல் அமைப்புகள் ஆய்வகம் இருக்கிறது. லேசர் தகவல் தொடர்புக் கருவிகளை உருவாக்கும் ஆஸ்ட்ரோகேட் லேப்ஸ் என்ற தனியார் நிறுவனமும் அங்கேதான் உள்ளது. இஸ்ரோவின் பொறியாளர் பணி அறிவிப்புகளில் பி.இ. பட்டத்தில் 65 விழுக்காடு அல்லது பத்துக்கு 6.84 தரப்புள்ளி கேட்பது வழக்கம் என்பதால், முதல் பருவத்திலிருந்தே மதிப்பெண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

விண்வெளித் துறையில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதே உங்கள் பெரிய அச்சம். 1550 நானோமீட்டர் என்று மேலே சொன்ன அந்த அகச்சிவப்பு ஒளிதான், நகரங்களுக்கிடையேயும் கடலடியிலும் ஓடும் கண்ணாடி இழைக் கேபிள்களில் இணையத்தைச் சுமக்கிறது. விண்வெளி லேசர் கருவிகளைச் செய்பவர்கள் அந்தத் தொழிலில் விளைந்த ஒளிப்பெருக்கிகளையும், ஒளியில் தகவலை ஏற்றும் பண்பேற்றிகளையும் எடுத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இந்தக் கல்வி, ஃபைபர் வலையமைப்பு, தரவு மையம், தொலைத்தொடர்பு ஆகிய துறைகளுக்கும் அப்படியே செல்லும். நான்கு ஆண்டுகளும் வீணாகாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன், ஒரு மாலை நேரத்தில் மகளோடு உட்கார்ந்து, மேலே சொன்ன 6 கி.மீ. கணக்கை அவரே தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைப் போடும்போது அவர் முகத்தில் ஆர்வம் தெரிகிறதா, அலுப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கட்-ஆஃப் மதிப்பெண்ணையும், நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரிகளின் பெயர்களையும் எனக்கு எழுதுங்கள். வரிசையை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.