பதில்: சாவிய விட்டதும் அணையுற 1970 டாட்ஜ் சார்ஜர் கார்

ப்ரோ, க்ராங்க் பண்றப்போ 383 இன்ஜின் பிடிக்குது, சாவிய விட்டதும் பொட்டுனு அணையுதுன்னா கார்பரேட்டர கழட்டாதீங்க, அது பாவம். ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) பீங்கான் கட்டி மாதிரி ஒண்ணு ஸ்க்ரூ போட்டு நிக்கும் பாருங்க, அதான் பேலஸ்ட் ரெசிஸ்டர், காயிலுக்குப் போற கரண்ட குறைக்கறது, சாவி ஸ்டார்ட்ல இருக்கறப்போ கரண்ட் அத தாண்டி நேரா இக்னிஷன் காயிலுக்குப் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜ ஏத்தற சுருள்) போயிடும், சாவிய விட்டு ரன்ல வந்ததும் அது வழியாத்தான் போகணும், உள்ள கம்பி அறுந்திருந்தா இதே கததான். ரெண்டு வயரையும் உருவிட்டு மீட்டர் வைங்க, ஒரு ஓம் கிட்ட, இல்ல அதுக்கும் கொஞ்சம் கம்மியா காட்டணும், ஓப்பன்னா, அதாவது கரண்டே போகலன்னா, தூக்கிப் போடுங்க. சில பேரு ரெசிஸ்டர தாண்டி ஜம்பர் வயர் போட்டு ஓட்டச் சொல்வாங்க, வீடு போய்ச் சேர ஓகே, அப்படியே விட்டா டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கற பாயின்ட்ஸ் (காயில் கரண்ட விட்டு விட்டு நிறுத்தற கான்டாக்ட்) கருகிடும். ரெசிஸ்டர் நல்லாருந்தா இக்னிஷன் சுவிட்ச் பாருங்க, அப்புறம் பேட்டரிய கழட்டிட்டு ஃபயர்வால்ல வயரெல்லாம் சேர்ற பல்க்ஹெட் கனெக்டர உருவி பின்னுங்க பச்ச புடிச்சிருக்கா, உருகியிருக்கான்னு பாருங்க. ரெசிஸ்டர் வாங்கும்போது ரெண்டா வாங்குங்க, ஒண்ணு க்ளவ் பாக்ஸ்லயே கெடக்கட்டும்.