பிஎஸ்6-க்கு வெயிட் பண்ணலாமா, இப்பவே பிஎஸ்5 வாங்கிடலாமா?

"பிஎஸ்4 (சோனியோட ப்ளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) வச்சிருக்கேன், பிஎஸ்6-ல இத்தனை டெராஃப்ளாப்ஸ்னு தினம் ஒரு லீக் வருது, இப்ப பிஎஸ்5 வாங்குனா காசு வீணாயிடுமா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

தாராளமா வாங்குங்க. அந்த டெராஃப்ளாப்ஸ் நம்பரை, அதாவது சிப் ஒரு நொடில எத்தனை லட்சம் கோடி கணக்கு போடும்ங்கறதை, வச்சு மட்டும் எந்த முடிவும் எடுத்துடாதீங்க ப்ளீஸ், அதுதான் இருக்கறதுலயே ரொம்ப ஏமாத்துற நம்பர்.

பிஎஸ்5-ஓட கூடுதல் பவர் மாடலான பிஎஸ்5 ப்ரோவையே எடுத்துக்கோங்க. சாதா பிஎஸ்5-ல கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ள 36 கம்ப்யூட் யூனிட் (கணக்கு போடுற பகுதி, இது கூடுனா டெராஃப்ளாப்ஸும் கூடும்), ப்ரோல 60, அதாவது 67% ஜாஸ்தி, ஆனா கேம் ரெண்டர் ஆகுற, அதாவது காட்சியை வரையுற வேகம் 45% வரைக்கும்தான் கூடும்னு சோனியே சொல்லுச்சு. ஏன்னா மெமரி வேகம் 28%தான் ஏறுச்சு. ஹோட்டல்ல தோசைக்கல்லை மட்டும் கூட்டிட்டு மாவு எடுத்துட்டு வர ஆள் போடலைன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரிதான். அடுத்த தடவை லீக் பாத்தா மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல டேட்டா போற பாதை) எத்தனை பிட்னு தேடுங்க, அதை மெமரியோட ஜிகாபிட் வேகத்தால பெருக்கி 8-ஆல வகுத்துப் பாருங்க. பிஎஸ்5-க்கு 256 பெருக்கல் 14, 8-ஆல வகுத்தா நொடிக்கு 448 ஜிபி. ப்ரோக்கு அதே 256, ஆனா 18, அதனால 576. லீக்ல சொல்ற மெமரி வேகத்தோட இந்தக் கணக்கு இடிச்சா அந்த லீக்கை அப்படியே விட்டுடுங்க.

2025 அக்டோபர்ல பிஎஸ்5-ஐ வடிவமைச்ச மார்க் செர்னியும் அதுக்கு சிப் செஞ்சு தர்ற ஏஎம்டி கம்பெனியோட ஜாக் ஹுயினும் ஒரு வீடியோல பேசுனாங்க, அதுல டெராஃப்ளாப்ஸ் பத்தி பெருமையே அடிக்கல, ரே ட்ரேசிங்குக்குன்னு (ஒளி நிஜத்துல பாயுற மாதிரி கணக்கு போட்டுக் காட்டுறது) தனி கோர், ஏஐ அப்ஸ்கேலிங்குக்காக (சின்ன ரெசல்யூஷன் படத்தை ஏஐ வச்சு பெருசாக்குறது) கம்ப்யூட் யூனிட்டெல்லாம் ஒண்ணா சேர்ந்து வேலை செய்றது, அப்புறம் மெமரிக்குப் போற டேட்டா மொத்தத்தையும் சுருக்கி அனுப்புறதுன்னு மூணு விஷயம்தான். இதெல்லாம் இன்னும் சிமுலேஷன்லதான் இருக்கு, கன்சோல் வர இன்னும் சில வருஷம் ஆகும்னு செர்னியே சொன்னார். அந்த மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, மேல சொன்ன மாவு பிரச்சினைக்கு நேரான மருந்து அது.

எப்ப வரும்? பிஎஸ்3 2006, பிஎஸ்4 2013, பிஎஸ்5 2020, மூணுமே நவம்பர், ஏழேழு வருஷம். அப்படிப் பாத்தா 2027 கடைசி, மெமரி விலை ஏறுன ஏத்தத்துக்கு அது தள்ளிப் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இந்தியாவுக்கு பிஎஸ்5-ஏ 2021 பிப்ரவரிலதான் வந்துச்சு, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

இப்ப வாங்குற கேம் வீணாகுமான்னு பயம் வேண்டாம். பிஎஸ்3-ல செல்னு முழுக்க வேற மாதிரி சிப், அதனாலதான் அந்த டிஸ்க் பிஎஸ்4-ல ஓடல. பிஎஸ்4-லருந்து ஏஎம்டி சிப்தான், அதனால பிஎஸ்4 கேம் அநேகமா எல்லாமே பிஎஸ்5-ல ஓடுது, அடுத்ததும் ஏஎம்டியோடங்கறதால பிஎஸ்5 கேம் அதுல ஓடும்னு நான் உறுதியா நம்புறேன்.

ஒண்ணு மட்டும், உங்ககிட்ட பிஎஸ்4 டிஸ்க் இருந்தா டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே கேட்டு வாங்குங்க, டிஜிட்டல் எடிஷன்ல டிரைவைத் தனியா வாங்கி மாட்டுனாத்தான் அந்த டிஸ்க்கைப் போட முடியும்.