விண்டோஸ் 11 இருக்கும் மடிக்கணினியில், கோப்புகள் அழியாமல் உபுண்டுவையும் நிறுவுவது எப்படி?

உங்கள் மடிக்கணினியில் 512 ஜிபி எஸ்எஸ்டியும் அதில் விண்டோஸ் 11-ம் இருப்பதாகவும், கோப்பு எதையும் இழக்காமல் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவைச் சேர்க்க விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இவ்விரண்டையும் ஒரே கணினியில் வைத்துப் பயன்படுத்துகிறேன். உறவினர்களுக்கும் நிறுவிக் கொடுத்திருக்கிறேன். உபுண்டுவை நிறுவுவது பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். அதற்கு முன்பு விண்டோஸுக்குள் இருந்தபடியே செய்ய வேண்டிய ஆயத்தங்களில்தான் உங்கள் கோப்புகளின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

முக்கியமான கோப்புகளை முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். இதை முடிக்காமல் வேறெதையும் தொட வேண்டாம்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது சாவியில்லாமல் வட்டைப் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி. நீங்கள் இதை இயக்கியதாக நினைவில்லாவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடங்கப்பட்ட புதிய மடிக்கணினிகள் பலவற்றில், ஹோம் பதிப்பிலும்கூட, வட்டின் குறியாக்கம் தானாகவே இயங்கியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் கணினியில் இதைச் சரிபார்க்காமல் பயாஸுக்குள் (கணினியின் தொடக்க அமைப்புகளுக்குள்) சென்று, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்கப் போன இடத்தில், குறியாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பில் இருந்ததையும் அழித்துவிட்டேன். மறுமுறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அவளுடைய கல்லூரி ஆய்வறிக்கை உள்ளே இருந்தது. சாவி சேமிக்கப்பட்டிருந்த கணக்கின் கடவுச்சொல்லோ அவளுக்கு நினைவில் இல்லை. அந்தக் கணக்கை மீட்டெடுக்க இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாட்களும் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிறகு குறியாக்கத்தை அணைத்து, அது முழுமையாக நீங்கும்வரை காத்திருங்கள்.

மூன்றாவதாக, கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியை அணைக்க வேண்டும். இது இயங்கும்போது நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. தன் கெர்னலின் (மையப் பகுதியின்) நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் இருக்கும் அதே என்டிஎஃப்எஸ் வடிவப் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால், லினக்ஸ் பெரும்பாலும் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும்.

இனி இடம் ஒதுக்கலாம். 512 ஜிபி வட்டு விண்டோஸில் சுமார் 476 ஜிபி என்றுதான் தெரியும். அதில் 100 ஜிபி உபுண்டுவுக்குத் தாராளமாகப் போதும். சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியிலேயே செய்யுங்கள். கிடைக்கும் காலி இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

பிறகு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் மென்பொருள் மூலம் உபுண்டு 24.04-ஐ எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை. நிறுவும்போது விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் விருப்பத்தையே தேர்ந்தெடுங்கள். வட்டை அழித்து நிறுவும் விருப்பம் அதே திரையில்தான் இருக்கும் என்பதால் இந்த இடத்தில் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்த பின்பே அழுத்துங்கள். பார்ட்டிஷன்களை (வட்டின் பகுதிகளை) நீங்களே அமைப்பதானால், ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பகுதியை உபுண்டுவும் பகிர்ந்துகொள்ளட்டும். அதை ஒருபோதும் பார்மட் செய்யாதீர்கள், ஏனெனில் விண்டோஸைத் தொடங்கும் கோப்புகள் அங்குதான் உள்ளன. உங்கள் எஸ்எஸ்டியே நிறுவியின் கண்ணில் படவில்லை என்றால், இன்டெல் கணினிகளில் பயாஸில் உள்ள ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற வட்டு மேலாண்மை அமைப்பு காரணமாக இருக்கலாம். அதை யோசிக்காமல் மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு, அதன் பிறகே மாற்ற வேண்டும்.

நிறுவிய பின் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் பதற வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுமாறு உபுண்டுவின் டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இது சரியாகிவிடும்.

பென் டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் இரண்டு இயங்குதளங்களும் உள்ள டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்கவே மறுத்தது. அத்தகைய நேரத்தில் கோப்புகளை எட்ட அந்தப் பென் டிரைவ் உதவும். பிற்காலத்தில் உபுண்டு வேண்டாம் என்று தோன்றினால், பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேரடியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே உபுண்டு பகுதியை நீக்குங்கள். அதற்கு முன்பே நீக்கிவிட்டால், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் உபுண்டுவின் க்ரப், தனக்குத் தேவையான கோப்புகளைக் காணாமல் கறுப்புத் திரையிலேயே நின்றுவிடும்.