முதல் கணினிப் புத்தகம்: எதை வாங்குவது?

பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் கல்லூரிகளில் சேர்ந்துகொண்டிருக்கும் நேரம் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினி அறிவியலைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் பாடநூல்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், கணிதம் அடங்கிய பிரிவைத் தமிழ் வழியில் படித்தான். இப்போது பி.எஸ்சி. கணினி அறிவியலில் சேர்ந்திருக்கிறான். கணினிப் பாடத்தை இதுவரை தொட்டதே இல்லை. பொறியியல் படித்த என் அண்ணன் மகன் ஒரு சி மொழிப் புத்தகத்தைக் கொடுத்து, இதைக் கரைத்துக் குடித்தால் போதும் என்கிறான். கடைக்காரரோ பைத்தான் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். கல்லூரி திறப்பதற்குள் ஒரே ஒரு புத்தகம் வாங்கித் தர நினைக்கிறேன். எதை வாங்கலாம்? (ஒரு தாயார், திண்டுக்கல்)

பதில்: வாங்குவதற்கு முன், செலவில்லாமல் கிடைக்கும் ஒரு நூலை உங்கள் மகன் கையில் கொடுங்கள். 2018-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி தமிழ்நாடு அரசு வெளியிட்ட பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தமிழிலும் உண்டு. இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். கணினியின் பாகங்கள், எண் முறைகள், இயக்க அமைப்பு ஆகியவற்றைச் சொல்லும் முதல் ஐந்து பாடங்களை இப்போதைக்குப் புரட்டிப் பார்த்தால் போதும். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று பாடங்களைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு சிக்கலை எப்படி வரையறுப்பது, அதை எப்படிச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை மடக்காகவும் (லூப்), தன்னையே அழைத்துக்கொள்ளும் தற்சுழற்சியாகவும் (ரிகர்ஷன்) எப்படி எழுதுவது என்பவற்றை அந்தப் பாடங்கள் ஒரு குறிப்பிட்ட கணினி மொழிக்குள் நுழைவதற்கு முன்பே விளக்கிவிடுகின்றன.

ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஓநாயையும் ஒரு விவசாயி ஆற்றைக் கடத்திக் கொண்டுபோகும் பழைய புதிர் அங்கே வருகிறது. விடை நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் யார் எந்தக் கரையில் இருக்கிறார்கள் என்பதை நான்கு மாறிகளாக (மதிப்பு மாறக்கூடிய பெயர்களாக) எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறை படகு போய்வரும்போதும் அவற்றில் எது மாறுகிறது என்று பார்க்கத் தொடங்கினால், நிரல் (புரோகிராம்) எழுதுபவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது பிடிபட்டுவிடும். மடக்கு எத்தனை முறை சுற்றினாலும் மாறாமல் இருக்கும் கூற்று எது என்று கேட்கும் பகுதி எட்டாம் பாடத்தில் இருக்கிறது. தடித்த கல்லூரிப் பாடநூல்களில் பல அந்தப் பொருளைத் தொடுவதே இல்லை.

சி மொழியா, பைத்தானா என்ற கேள்விக்கு வருவோம். முதல் பருவத்தில் எந்த மொழியை வைத்திருக்கிறார்கள் என்று கல்லூரித் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆயினும் கல்லூரி திறப்பதற்கு முந்தைய சில வாரங்களுக்கு என் வாக்கு பைத்தானுக்கே. சி மொழியில் பத்து எண்களை வாங்கிக் கூட்டுவதற்குள், எண்ணின் வகையை அறிவிப்பது, நினைவக முகவரிக்கான குறியை மறக்காமல் இடுவது, கூற்றுக்குக் கூற்று அரைப்புள்ளி வைப்பது என்று கணக்கோடு நேரடித் தொடர்பில்லாத சடங்குகள் பலவற்றைக் கடந்தாக வேண்டும். அவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. நினைவகம் எப்படிப் பயன்படுகிறது என்று கற்க வேண்டிய கட்டம் வரும்போது சி மொழியைப் போன்ற ஆசான் கிடையாது. முதல் மாதத்தில் அது வெறும் இடையூறு.

உங்கள் அண்ணன் மகன் கொடுத்தது கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய நூலாக இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். 1978-இல் முதற்பதிப்பும் 1988-இல் இரண்டாம் பதிப்பும் கண்ட அந்த நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ரிச்சிதான் சி மொழியை உருவாக்கியவர். ஆனால் இது நிரலாக்கத்துக்கான தொடக்கநிலைக் கையேடு அன்று, மாறி, மடக்கு, செயற்கூறு (ஃபங்க்ஷன்) போன்றவற்றை ஓரளவு அறிந்தவர்களுக்கானது என்று முன்னுரையிலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்!

எந்தப் புத்தகத்தையும் கடையில் நின்றபடியே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பொருளடக்கத்தைப் பார்ப்பதில் பயனில்லை. எல்லா நூல்களிலும் அது ஏறக்குறைய ஒன்றுதான். மடக்கு பற்றிய பாடத்துக்குப் போய், ஒரு பட்டியலிலுள்ள எண்களில் மிகப் பெரியதைக் கண்டுபிடிக்கும் நிரலைத் தேடுங்கள். அந்த நிரல் இல்லாத தொடக்கநிலை நூல் அரிது. பெரிய எண்ணை வைத்துக்கொள்ளும் மாறிக்குத் தொடக்கத்தில் 0 என்று மதிப்புக் கொடுத்து, அதைவிடப் பெரிய எண் வரும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே போவது ஒரு முறை. 12, 45, 7 என்று கொடுத்தால் 45 என்று சரியான விடையே வரும். -7, -3, -12 என்று கொடுத்தால், பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வந்து நிற்கும். பட்டியலின் முதல் எண்ணையே தொடக்க மதிப்பாக வைத்தால் இந்தப் பிழை நேராது. பட்டியல் காலியாக இருந்தால் என்ன செய்வது என்ற அடுத்த கேள்வி அப்போது எழும். நல்ல நூல் இவ்விரண்டில் ஒன்றையாவது மாணவரிடம் கேட்கும், அல்லது பயிற்சியில் வைக்கும். மற்ற நூல்கள் நிரலை அச்சிட்டு, அதன் கீழே வெளியீட்டையும் அச்சிட்டு, அடுத்த நிரலுக்குத் தாவிவிடும்.

சி மொழி நூலாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே கோவைக்குள் (எக்ஸ்பிரஷன்) ஒரே மாறியை இரண்டு முறை ஒன்று கூட்டச் சொல்லி, அதாவது ஐ பிளஸ் பிளஸ்ஸையும் பிளஸ் பிளஸ் ஐயையும் சேர்த்துக் கூட்டச் சொல்லி, விடை என்ன என்று கேட்கும் வினாக்கள் நம் ஊர்த் தேர்வுகளில் வெகு பிரபலம். சி மொழியின் தர வரையறைப்படி அந்தக் கோவைக்கு உறுதியான விடையே கிடையாது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் நிரல்பெயர்ப்பிகளில் (கம்பைலர்) ஒன்று ஓர் எண்ணைச் சொல்லும், மற்றொன்று வேறு எண்ணைச் சொல்லும். எதன்மீதும் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு ஒற்றை விடையை அடித்துச் சொல்லும் நூலை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடலாம்.

பெயரைச் சொல்லுங்கள் என்பீர்கள். ஆலன் டவ்னி எழுதிய ‘திங்க் பைத்தான்’ நூலைச் சொல்வேன். மூன்றாம் பதிப்பு 2024-இல் வந்தது. ஆசிரியரே அதை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறார். பாடந்தோறும் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது பற்றி ஒரு பகுதியும், பாடத்தின் கடைசியில் புதிதாக வந்த கலைச்சொற்களுக்கு ஓரிரு வரி விளக்கங்களும் இருக்கின்றன. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில நூலுக்குள் நுழையும் மாணவர், பாடத்தைத் தொடங்கும் முன்பே அந்தச் சொற்பட்டியலைப் படித்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். தமிழிலேயே துணைக்கு ஒன்று வேண்டுமானால், அரசின் பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானைக் கற்பிக்கிறது. அதை ஐந்தாம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய பாடங்களில் வரும் குறியீடுகள் பைத்தானுடையவை அல்ல என்பதால் புதியவர் குழம்பிப்போவார். புத்தகத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தைக் கல்லூரி திறந்த பிறகு, அங்கே கேட்கும் பாடநூலுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறேன். நாற்பதைக் கடந்துவிட்டேன். ஓய்வு நேரத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆசை. பழைய புத்தகக் கடையில் சி பிளஸ் பிளஸ், பைத்தான் நூல்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நூல் எந்த ஆண்டு வந்தது என்பதைவிட, அதிலுள்ள நிரல்கள் இன்றைய கணினியில் ஓடுமா என்பதே முக்கியம். பைத்தான் 2 என்ற பழைய வடிவத்துக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை வைத்து எழுதிய நூலை அடையாளம் காண்பது எளிது: பிரிண்ட் என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இருக்காது. அப்படி எழுதினால் இன்றைய பைத்தான் உடனே பிழை என்று சொல்லிவிடும் என்பதால் அதனால் பெரிய கேடு இல்லை. கேடு வகுத்தலில் இருக்கிறது. 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பழைய பைத்தான் 3 என்று விடை தரும், இன்றையது 3.5 என்று தரும். இரண்டுமே சத்தமில்லாமல் நடக்கும். கணக்கராகிய உங்களுக்கு இதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை.

சி, சி பிளஸ் பிளஸ் நூல்களில் பார்க்க வேண்டியது வேறு. போர்லண்ட் நிறுவனத்தின் டர்போ சி பிளஸ் பிளஸ், டாஸ் என்ற பழைய இயக்க அமைப்பின் காலத்து மென்பொருள். நம் கல்லூரி ஆய்வகங்களில் அது நெடுங்காலம் ஆட்சி செய்ததால், அதற்கென்றே எழுதிய நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. நிரலின் தலையில் ‘கோனியோ’ என்ற கோப்பைச் சேர்ப்பதும், முதல் வேலையாகத் திரையைத் துடைப்பதும், மெயினுக்கு முன்னால் ‘வாய்ட்’ போடுவதும் அவற்றின் அங்க அடையாளங்கள். சி பிளஸ் பிளஸ் நூலில் ‘ஐஓஸ்ட்ரீம்’ என்பதற்குப் பின் புள்ளியும் எச் என்ற எழுத்தும் வந்தால், அது 1998-இல் அம்மொழி தரப்படுத்தப்பட்டதற்கு முந்தைய வழக்கம். முழு எண் மாறிக்கு இரண்டு பைட்டுதான், அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767 என்று சொல்லும் நூலும் அந்தக் காலத்ததே. அந்த அளவில் 7-இன் காரணியப் பெருக்கம் (1 முதல் 7 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் வருவது) 5,040 என்று ஒழுங்காக வரும். 8-க்கு 40,320 வர வேண்டிய இடத்தில் ஒரு குறை எண் வந்து நிற்கும். இன்று வழக்கமான நான்கு பைட்டில் 12 வரை தாங்கும். இத்தகைய நூலைப் பாதி விலைக்கு அல்ல, சும்மா கொடுத்தாலும் தொடக்கத்தில் தொட வேண்டாம்.

ஒரு மொழியைக் கற்பிக்காமல், கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கும் நூல்களுக்கு இந்தக் கவலை இல்லை. சார்லஸ் பெட்சால்டின் ‘கோட்’ என்ற நூல், தெருவின் எதிரெதிர் வீடுகளில் இருக்கும் இரண்டு சிறுவர்கள் கைவிளக்கைக் காட்டிப் பேசிக்கொள்வதில் தொடங்கி, மின்சுற்று, இரும எண், கூட்டும் கருவி என்று படிப்படியாக ஒரு கணினியையே கட்டிக் காட்டிவிடும். 1999-இல் வந்தது, 2022-இல் புதிய பதிப்பு வந்திருக்கிறது. பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: ஆபெல்சனும் சஸ்மனும் எழுதிய எம்.ஐ.டி. பாடநூலையும், கார்மென் முதலான நால்வரின் நெறிமுறைகள் (அல்காரிதம்) நூலையும் முதலாம் ஆண்டிலேயே படித்தால்தான் உருப்படலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த சீனியர்களில் எத்தனை பேர் அவற்றை முடித்தார்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 1990-இல் முதலில் வெளிவந்து, 2022-இல் நான்காம் பதிப்பு கண்ட கார்மென் நூல் 1,300 பக்கங்களுக்கு மேல் நீளும். நிரல் எழுதிய அனுபவமும், கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிரூபணம் எழுதும் பழக்கமும் இருப்பவருக்காக எழுதப்பட்டது. தரவுக் கட்டமைப்புத் தாள் வரும் ஆண்டில் நூலகத்திலிருந்து எடுத்து, வேண்டிய பாடத்தை மட்டும் படியுங்கள்.

1985-இல் வந்த ஆபெல்சன், சஸ்மன் நூல் நிஜமாகவே முதலாம் ஆண்டு மாணவர்களுக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் அந்த மாணவர்கள் எம்.ஐ.டி.யில் இடம் பிடித்தவர்கள். முதல் அத்தியாயத்திலேயே நியூட்டன் முறையில் வர்க்கமூலம் காண்பதும், தொகையீட்டைத் தோராயமாகக் கணிப்பதும் வந்துவிடும். கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர் என்றால் ஓர் அத்தியாயம் முயன்று பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. திணறினால் மனம் தளர வேண்டாம். அந்த நூல் பயன்படுத்தும் ஸ்கீம் மொழியின் அதே வழியில், ஆனால் புதியவரை மனத்தில் வைத்து, ஃபெலைசனும் மூவரும் 2001-இல் எழுதிய ‘ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்’ என்ற நூல் இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பும் இணையத்தில் இலவசம். நிரலை எழுதும் முன்பே, வரும் தரவு எத்தகையது, செயற்கூறு என்ன செய்ய வேண்டும், எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை வர வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் நூல் அது. முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். மேலே சொன்ன குறை எண்கள் போன்ற பிழைகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

கேள்வி: யூடியூபில் எல்லாம் இருக்கும்போது புத்தகம் எதற்கு? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நல்ல காணொளிகள் உண்டு. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த், என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் பைத்தான் வழியே நிரலாக்கத்தையும் தரவுக் கட்டமைப்பையும் நடத்தும் பாடம் அவற்றில் ஒன்று. ஆனால் பயிற்சிக் கணக்குகளைப் போடாமல் காணொளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், புரிந்துவிட்டது என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

கேள்வி: வீட்டில் கணினி இல்லை, கைப்பேசி மட்டுமே இருக்கிறது. புத்தகம் வாங்கிப் பயன் உண்டா? (மாணவி, அறந்தாங்கி)

பதில்: உண்டு. கைப்பேசி உலாவியிலேயே கூகுள் கோலாப் போன்ற தளத்தில் பைத்தான் நிரல்களை ஓட்டிப் பார்க்கலாம். ‘திங்க் பைத்தான்’ மூன்றாம் பதிப்பின் பாடங்களையே அதில் திறந்துகொள்ளலாம். சிறிய திரையில் நீண்ட நிரல் எழுதுவது சிரமம் என்பதால், முதலில் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை வரைந்து, மடக்கு ஒரு சுற்றுச் சுற்றும்போது எந்த மதிப்பு எதுவாக மாறுகிறது என்று வரிவரியாகக் குறித்து, விடையை நீங்களே கண்டுபிடித்த பிறகு கைப்பேசியில் தட்டச்சு செய்து ஓட்டுங்கள். இரண்டு விடைகளும் வேறுபட்டால், எந்தச் சுற்றில் வேறுபட்டது என்பதை நோட்டை வைத்துத் தேடுங்கள்; ஒவ்வொரு சுற்றிலும் மாறிகளை அச்சிடச் சொல்லி ஒரு பிரிண்ட் கட்டளையை மடக்குக்குள் சேர்த்தால் அந்த இடம் தெரிந்துவிடும். நீண்ட பயிற்சிகளைக் கல்லூரி ஆய்வக நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.