புற்றுநோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வலியைத்தான். சாப்பாட்டை அல்ல. இதை நான் தெரிந்துகொள்ளப் பத்து நாள் ஆனது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவியிருந்தது. "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ராகிக் கஞ்சி, ஆட்டுக்கால் சூப் என்று அக்காவும் நானும் மாறி மாறி, "ரெண்டே வாய்மா" என்று கெஞ்சினோம். அம்மா வாயை இறுக்கிக்கொள்வாள். எனக்குக் கோபம்கூட வந்தது. வலியில் நிமிர்ந்து உட்காரவே முடியாதவளுக்குக் கஞ்சி எப்படி இறங்கும்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ராத்திரி தூங்குனீங்களாம்மா? வலி பத்துக்கு எவ்வளவு?" என்றார். அம்மா "பதினஞ்சு" என்றாள்.

மார்ஃபின் மாத்திரை ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தது. "போதை மருந்துப்பா, அடிமையாயிடுவாங்க" என்று சித்தப்பா சொன்னதால், தாங்க முடியாதபோது மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதுதான் தப்பு. டாக்டர் எழுதிய அளவை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாகவே இருப்பார்கள், பிறகு தெளியும். ஆனால் மலச்சிக்கல் தெளியாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் அசட்டையாக விட்டு, நாலாம் நாள் அம்மா பட்ட பாட்டை இங்கே எழுத மனம் வரவில்லை.

அடுத்தது வாடை. மார்பில் புண் உடைந்திருந்ததால் பேரனைக்கூடக் கிட்டே வர விடமாட்டாள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுவதற்கு நர்ஸ் கற்றுக்கொடுத்தார் (டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்). சில நாளில் வாடை அடங்கியது. பிள்ளை கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். எந்தச் சூப்பும் செய்யாததை அது செய்தது.

படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, ஈரப் பஞ்சால் வாயைத் துடைப்பது எல்லாம் பழகிவிடும். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதுகெலும்பில் பரவியவருக்குத் திடீரென்று கால் பலமிழந்தாலோ சிறுநீர் நின்றாலோ, தண்டுவடம் அழுந்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடைசி வாரம் அம்மா சாப்பாட்டை முழுக்க நிறுத்திவிட்டாள். உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கிவிடும், வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்றார் நர்ஸ். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை, ட்ரிப்ஸாவது ஏற்றலாம் என்று அழுதாள். ஏற்றவில்லை. ஏற்றியிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வாள். நான் பதில் பேசுவதில்லை.